ரேடியோ பாய் ஒப்படைத்த பதினொரு பெட்டிகள்

கடைவீதியில் ஒரு கடை மூடப்பட்டால் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "யாருக்கு எவ்வளவு நிற்கிறது?" மொத்தக் கடைக்கு இவ்வளவு, பைனான்ஸ்காரருக்கு இவ்வளவு, கட்டடக்காரருக்கு இத்தனை மாத வாடகை என்று டீக்கடையிலேயே கணக்கு முடிந்துவிடும். எங்கள் ஊரில் கடந்த தை மாதம் ரேடியோ பாய் கடையை மூடியபோது இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. பாய் யாருக்கும் பாக்கி இல்லை. மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்து, சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு, நேராக எங்கள் கடைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு மீன்பாடி வண்டி. வண்டியில் பதினொரு ரேடியோப் பெட்டிகள்.

"அண்ணாச்சி, இதெல்லாம் ரிப்பேர் முடிஞ்ச பெட்டி. ஆள் வந்து எடுக்கலை. பேரு, ஊரு, பாக்கி எல்லாம் சீட்டுல இருக்கு. உங்க குடோன்ல ஒரு ஓரமா கிடக்கட்டும். யாராச்சும் தேடி வந்தா கொடுத்திருங்க" என்றார்.

சிலவற்றின் சீட்டு 1990களைச் சேர்ந்தது. காயலான் கடையில் போட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்தவர் சரக்கை எடை போட்டு விற்க பாய்க்கு மனம் வரவில்லை.

அந்தப் பெட்டிகளை அரிசி மூட்டைகளுக்கு மேல் பலகையில் அடுக்கி வைத்த அன்று இரவு, இந்தத் தொழிலைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் வாசகர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் இப்படி ஒரு கடை நினைவில் இருக்கும்.

கல்லாவுக்கு மேலே ஒரு பலகை

நம் மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை. அதில் சாமி படம். அதற்குப் பக்கத்தில் ரேடியோ. எங்கள் தகப்பனார் கடையில் இருந்தது ஒரு மர்பி வால்வு செட். காலையில் டெல்லிச் செய்தி சரோஜ் நாராயணசுவாமி குரலில் வரும்போது சாம்பிராணி போட்டு முடித்திருக்க வேண்டும் என்பது கடையின் சட்டம். தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்கும். மயில்வாகனமும், பிற்பாடு கே.எஸ்.ராஜாவும், அப்துல் ஹமீதும் எங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. பாட்டுக் கேட்க நின்றவர் கால் கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு போவார். வானொலியில் சந்தை விலை நிலவரம் சொல்லும்போது மட்டும் கடையில் யாரும் பேசக் கூடாது.

ரேடியோ வைத்துக்கொள்ள அப்போது லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். 1980களின் நடுவில் அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஒரு ரேடியோவின் விலை சாமானியக் குடும்பத்துக்குப் பல மாதச் சம்பாத்தியம். அது கெட்டுப்போனால் வேறு வாங்குவது என்ற பேச்சே கிடையாது. பாயிடம்தான் போக வேண்டும்.

பத்து ரூபாய் இடிக்கும் கணக்கு

பாய் கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரு மேசை, ஒரு குண்டு பல்பு, ஒரு மல்டிமீட்டர், 25 வாட் சோல்ட்ரான் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பிச் சுருள், பேஸ்ட் டப்பா. சுவர் முழுக்கத் திறந்த வயிற்றோடு பெட்டிகள். ரோசின் புகை வாசனை எங்கள் கடை வரைக்கும் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் நின்று வேடிக்கை பார்ப்பது எங்களுக்கு வழக்கம்.

வால்வு செட்டின் முதுகு அட்டையைக் கழற்றினால் உள்ளே ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். பெரும்பாலான ஏ.சி. செட்டுகளில் இசிஎச்81, இஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80 என்று ஒரு வரிசை. நம் கடையில் துவரை, உளுந்து, பாசிப்பருப்பு என்று மனப்பாடமாக இருப்பது போல அவருக்கு அந்த எண்கள். முதல் வால்வு ஸ்டேஷனைப் பிடித்து அலைவரிசையை மாற்றும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்துக் கொஞ்சம் பெருக்கும். நான்காவது ஸ்பீக்கரை முழங்க வைக்கும். ஐந்தாவது கரண்ட் சப்ளை.

செட் பேசவில்லை என்றால் கோளாறு இந்த ஐந்தில் எந்த வீட்டில்? பாய் பின்பக்கத்திலிருந்து வருவார். முதலில் சப்ளை வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பார். பிறகு வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலில் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொடுவார். ஸ்பீக்கரில் "புர்ர்" என்று சத்தம் வந்தால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் சுத்தம். பாதி செட் தேர்ச்சி. கோளாறு முன்பாதியில். அங்கிருந்து ஒவ்வொரு படியாக முன்னோக்கிப் போவார். வாய் திறக்காமல் போன ஒரு செட்டில், நூறு உதிரிகளில், எது செத்தது என்று கால் மணி நேரத்தில் விரல் வைத்துவிடுவார்.

எங்கள் தகப்பனார் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. "நம்ம பேரேடு பத்து ரூபா இடிச்சா நாமளும் இப்படித்தானலே பார்க்கணும்." மாதம் முழுவதையும் முதல் வரியிலிருந்து கூட்டாமல், பதினைந்தாம் தேதி இருப்பு சரியா என்று பார். சரி என்றால் பிற்பாதியில் தேடு. கணக்குப்பிள்ளைகளுக்கு இது தெரிந்த வித்தைதான். ஆனால் அதை எங்களுக்குக் கற்றுத் தந்தது ரேடியோ கடை.

நோய்க்கு ஒரு சத்தம் உண்டு. "உம்ம்" என்று அடிச்சத்தம் இரைந்தால் சப்ளையில் உள்ள பில்டர் கண்டன்சர் வற்றிவிட்டது. பாட்டு கரகரத்து, இஎல்84 அளவுக்கு மீறிச் சூடேறினால், அதற்கு முன்னால் உள்ள சின்னக் கண்டன்சர் கசிகிறது. குமிழைத் திருப்பும்போது "கர கர" என்றால் வால்யூம் கண்ட்ரோலில் தூசி. அதற்கு ஒரு சொட்டு சி.டி.சி. திரவம் போதும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் செட்டுகளில் வால்வுகளின் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் ஐந்தும் அணைந்துவிடும், பழைய சீரியல் பல்பு மாதிரி. அந்த செட்டுகளில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மெயின் கரண்ட் நிற்கக்கூடும். பாய் கையை வைக்கும் முன் டெஸ்டரை வைப்பார். ஒருமுறை நாங்கள் ஆர்வத்தில் எட்டித் தொடப்போய்க் கையில் அடி வாங்கினோம். கரண்டிடம் வாங்கவில்லை, பாயிடம்தான்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு காரியத்துக்கு. செட்டுக்குள் சதுரமான தகர டப்பிகள் சில இருக்கும். ஐ.எஃப்.டி. என்பார்கள். அதன் தலையில் திருகு போல ஒன்று தெரியும். 455 கிலோசைக்கிளுக்குத் துல்லியமாக வைத்த திருகு. வீட்டில் கைவசம் ஸ்குரூ டிரைவர் உள்ளவர்கள் இதைப் பார்த்து, "லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்" என்பார்கள். அவ்வளவுதான், ஸ்டேஷன் ஒன்றும் வராது. நம் தராசின் முள்ளை யாராவது அழகாக இல்லை என்று வளைத்துவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவருக்கும்.

எட்டணா உதிரிகள்

1960களில் டிரான்சிஸ்டர் செட் வந்தது. பாய் அதையும் படித்துக்கொண்டார். ஏசி127, ஏசி128, பிறகு பிஎஃப்194, பிசி148. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் காலைப் பற்றவைக்கும்போது மூக்குக் குறடால் அந்தக் காலைப் பிடித்துக்கொள்வார். சூடு குறட்டுக்குப் போய்விடும், டிரான்சிஸ்டர் தப்பிக்கும். 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வால்வும் டிரான்சிஸ்டரும் வந்த பிறகு சரக்குக்கு வெளிநாட்டை எதிர்பார்ப்பது குறைந்தது என்பார்.

வருடம் இருமுறை கொள்முதலுக்கு சென்னை போவார். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு அவருக்குக் காசி மாதிரி. பழைய சாமான் வேண்டுமென்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட். அது 1985இல் எரிந்துபோன செய்தி வந்த அன்று கடையைப் பாதி நாளில் அடைத்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த சரக்கைப் பார்த்தால் நம் தொழில்தான் ஞாபகம் வரும். ரெசிஸ்டன்ஸ் நூறு நூறாகக் கட்டு. கண்டன்சர் பொட்டலம். எல்லாம் சில்லறை விற்பனை. ஒன்று எட்டணா, ஒன்று ஒரு ரூபாய். கால் அங்குல ரெசிஸ்டன்ஸில் எண் எழுத இடம் இல்லாததால் வண்ண வளையங்கள். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு வளையம் எண்கள், மூன்றாவது வளையம் எத்தனை சைபர் சேர்க்க வேண்டும் என்பது. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4, 7, இரண்டு சைபர்: 4,700 ஓம். ஜவுளிக்கடைக்காரர்கள் அடக்க விலையை எழுத்துக்குறியில் சீட்டில் போட்டு வைக்கிறார்களே, அந்த மாதிரிதான். ஆனால் இதில் ரகசியம் இல்லை, உலகம் முழுக்க ஒரே குறி.

ரிப்பேர் முடிந்ததும் கழற்றிய உதிரியைச் செய்தித்தாள் துண்டில் மடித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். "இதுதான் போச்சு. சாமான் ஒண்ணே கால் ரூபா, கூலி அஞ்சு." திறந்து பார்த்து வாங்க முடியாத பண்டம் ரேடியோ. உள்ளே என்ன நடந்தது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. அந்த மடித்த காகிதம்தான் ரசீது.

எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதே வீதியில் இன்னொரு கடை இருந்தது. நல்ல கேங் கண்டன்சரைக் கழற்றிப் பழையதை மாட்டி அனுப்புவார்கள் என்று பேச்சு. பேட்டரிப் பெட்டியில் ஸ்பிரிங் துரு ஏறியிருந்தால்கூட "ஐ.எஃப். போச்சு" என்று இருபது ரூபாய் வாங்குவார்கள். பழைய காலம் என்றால் எல்லாம் தங்கம் என்று எழுதுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. பாயிடம் அதே துருப்பிடித்த ஸ்பிரிங்கோடு ஒரு லாரி டிரைவர் வந்தார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, பாட்டு வந்ததும் கையில் கொடுத்துவிட்டார். காசு கேட்கவில்லை. எங்கள் தகப்பனார் "தொழில்னா கூலி வாங்கணும் பாய்" என்று கடிந்துகொண்டார். அந்த டிரைவர் பிறகு தம் லாரி செட்டில் உள்ள அத்தனை பேர் டேப்ரிக்கார்டரையும் அவரிடம் கொண்டுவந்து சேர்த்தார் என்பது வேறு கதை.

கசகசா அளவு

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். பத்து டிரான்சிஸ்டர் செய்த வேலையை ஒரு ஐ.சி. செய்தது. பெட்டி விலை இறங்கியது. ரிப்பேர் கூலியும் புதுப் பெட்டி விலையும் ஒன்றையொன்று நெருங்கின. இதில் நம் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கடைகளிலேயே நூறு ரூபாய் எமர்ஜென்சி விளக்கையும் கைக்கடக்கமான எஃப்.எம். பெட்டியையும் தொங்கவிட்டு, "கெட்டுப்போனா வேற வாங்கிக்குங்க" என்று விற்றோம்.

உதிரிகளும் சிறுத்துவிட்டன. இன்று போர்டில் ஒட்டியிருக்கும் ரெசிஸ்டன்ஸ் பலவற்றின் நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். நம் கணக்கில் சொன்னால் கசகசா அளவு. வண்ண வளையத்துக்கும் இடமில்லை, பாயின் கண்ணுக்கும் எட்டவில்லை. சர்வீஸ் ஆட்கள் உதிரியைத் தேடுவதை விட்டுவிட்டுப் போர்டையே மாற்றத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நேரம் மிச்சம், உத்தரவாதமும் கொடுக்கலாம். பணம் மட்டும் வாடிக்கையாளருடையது.

நமக்கே அது வந்து சேர்ந்தது. 2022 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் கடை எலெக்ட்ரானிக் தராசு அணைந்துவிட்டது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். தராசு வாங்கிய இடத்துக்குப் போன் செய்தோம். போர்டு போயிருக்கும், 3,500 ரூபாய் ஆகும், பண்டிகை முடிந்துதான் வர முடியும் என்றார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்கு ஓடினோம்.

அவர் தராசைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி, இதுல முத்திரை இருக்கு. நான் திறந்தா கேஸ் உங்க மேலயும் வரும், என் மேலயும் வரும்" என்றார். உண்மைதான். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசு பழுதுபார்க்க உரிமம் பெற்றவர்தான் அதைத் திறக்கலாம். பழுது பார்த்தபின் மறுமுத்திரையும் வேண்டும். நம் உறுப்பினர்களில் சிலர் இதை அறியாமல் தெரிந்த பையன் ஒருவனை வைத்துத் திறந்துவிட்டு, ஆய்வின்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

"அடாப்டரைக் கொண்டாந்தீங்களா?" என்றார். சுவரில் மாட்டும் அந்தக் கறுப்புப் பெட்டியில் முத்திரை எதுவும் கிடையாது. மீட்டரை வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4 வோல்ட்தான் வந்தது. உள்ளே ஒரு கண்டன்சர், தலை உப்பிய பூரி மாதிரி. பழைய டப்பாவிலிருந்து 1,000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் ஒன்றை எடுத்து மாற்றினார். வேலை பத்து நிமிடம். கண்டன்சர் பத்து ரூபாய், கூலி ஐம்பது. தராசு விழித்துக்கொண்டது. உப்பிய கண்டன்சரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அது இன்னும் எங்கள் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது.

அன்று அவர் சொன்னதை நம் உறுப்பினர்கள் குறித்துக்கொள்ளலாம். இந்த வகைக் கண்டன்சருக்கு எமன் சூடுதான். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எங்கள் அடாப்டர் பிரிட்ஜின் முதுகுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. பில் மெஷின், கேமரா, ஸ்டெபிலைசர் எதுவானாலும் அதன் அடாப்டரைக் காற்றாட வையுங்கள். இயந்திரம் அணைந்துவிட்டது என்றால் போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன் அடாப்டரில் வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் வெளியாட்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவை அதன் பட்டியலில் உள்ளன. கடையில் நாம் நம்பியிருக்கும் தராசும் பில் மெஷினும் இந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்பதில் தவறில்லை.

வித்தை அடியோடு செத்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாய் கடையைக் காலி செய்த அன்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடைப் பையன் ஒருவன் வந்து அவருடைய மல்டிமீட்டரை விலைக்குக் கேட்டான். அவன் மேசையில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. சூடான காற்று ஊதும் கருவி இருக்கிறது. கசகசா அளவு உதிரியை இடுக்கியால் எடுத்து வைக்கிறான். செத்த போனில் எந்த வீட்டில் கோளாறு என்று பாதி பாதியாகத்தான் அவனும் தேடுகிறான். பாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மீட்டருக்குக் காசு வாங்காமல் வந்துவிட்டார். தகப்பனார் இருந்திருந்தால் மறுபடியும் கடிந்திருப்பார்.

சித்திரையில் ஒருவர் எங்கள் கடை தேடி வந்தார். பக்கத்துக் கிராமம். அவருடைய தகப்பனார் 1996இல் கொடுத்த பிலிப்ஸ் டிரான்சிஸ்டர், வீட்டில் பழைய பெட்டியைக் குடையும்போது சீட்டு அகப்பட்டதாம். குடோனில் பலகையைத் துழாவி எடுத்தோம். நான்கு பேட்டரி போட்டுத் திருகினோம். முதலில் கரகரப்பு, பிறகு திருநெல்வேலி நிலையம். சீட்டில் "பாக்கி ரூ.18" என்று பாயின் கையெழுத்து. அந்த மனிதர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். பதினெட்டு ரூபாய் போக மீதியைக் கொடுத்தோம்.

அன்றிரவு பாய்க்குப் போன் செய்து, பதினெட்டு ரூபாய் வரவு என்று சொன்னோம். "எந்த செட்டு? டயல் கயிறு புதுசா போட்டேனே, அதுவா?" என்று கேட்டார்.

இன்னும் பத்துப் பெட்டிகள் குடோனில் இருக்கின்றன. சீட்டைக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளலாம்.